90 சென்டிமீட்டர் மண்

திருச்செங்கோட்டு ரிக் வண்டி போர் போடும்போது, குழியிலிருந்து வெளியே வந்து விழும் தூளைக் கவனித்துக்கொண்டிருந்தால் சேலம், நாமக்கல் சமவெளியின் நிலத்தடி ஏறக்குறைய புரிந்துவிடும். முதலில் செம்மண். சில அடிகளில் அது சரளையாகிறது. பல இடங்களில் அதற்கடியில் வெள்ளை வெள்ளையாய்ச் சுக்கான் வரும். பிறகு கையால் நொறுக்கக்கூடிய மக்கிய பாறை. கேசிங் பைப் அதுவரைதான் இறங்கும். அதற்குக் கீழே கெட்டிப் பாறை. வெளியே வருவது சாம்பல் நிறத்தில் நைசான தூள். நூறு அடி, இருநூறு அடி போனாலும் தூசியாகவே பறந்துகொண்டிருக்கும். திடீரென்று ஓரிடத்தில் தூள் நனைந்து சேறாகும். ரிக் ஆட்கள் அந்த அடிக்கணக்கைக் குறித்துக்கொள்வார்கள். பாறையில் இருந்த ஒரு விரிசலைத் துளைக்கருவி வெட்டியிருக்கிறது. இந்தச் சமவெளியில் நிலத்தடி நீர் என்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட விரிசல்களில் இருப்பதுதான்.

தஞ்சாவூர்ப் பக்கம் நிலை வேறு. அங்கே ஆறு கொண்டுவந்து கொட்டிய மணலின் இடுக்குகளில் நீர் மெதுவாக ஊர்கிறது. போகிற வழியில் மணலும் களியும் கொஞ்சம் அழுக்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இங்கே இருப்பதோ நைஸ், சார்னோகைட் என்னும் பழம்பாறைகள். விரிசலுக்குள் ஒருமுறை இறங்கிவிட்ட அழுக்கை வடிகட்ட அங்கே எதுவும் கிடையாது. எந்தத் திசையில் போகும், யார் தோட்டத்துப் போரில் போய்ச் சேரும் என்று மேலே நின்று சொல்லவும் முடியாது. ஆகவே, வடிகட்டல் என்று ஏதாவது நடக்குமானால் அது மேலே உள்ள சில அடி மண்ணில்தான் நடந்தாக வேண்டும்.

அந்தச் சில அடி மண்ணின் மேல்தான் நாம் குப்பையைக் கொட்டுகிறோம். சேலம் மாநகரத்தின் குப்பை பல காலம் எருமாபாளையத்துக்குப் போனது. பிறகு செட்டிச்சாவடிக்குப் போனது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர் என்று ஒவ்வோர் ஊருக்கும் ஓர் உரக்கிடங்கு உண்டு. தமிழ்நாட்டின் பழைய உரக்கிடங்குகள் பெரும்பாலும் வெறும் தரையில்தான் தொடங்கின. மழைநீர் குப்பைக்குள் இறங்கி, அழுகியதையும் கரைந்ததையும் சேர்த்துக்கொண்டு கரும்பழுப்பாக அடியில் வடிகிறது. பொறியாளர்கள் லீச்சேட் என்று சொல்லும் இந்தக் குப்பைச் சாற்றில் அமோனியாவும் குளோரைடும் கரிமப் பொருள்களும் அதிகம். பேட்டரியும் பெயிண்ட் டப்பாவும் கலந்திருந்தால் காரீயமும் துத்தநாகமும் சேரும்.

இதைத் தடுக்கச் சட்டம் சொல்லும் வழி தெளிவானது. 2000ஆம் ஆண்டின் நகராட்சித் திடக்கழிவு விதிகளும், அவற்றின் இடத்தில் 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளும் குப்பை நிரப்புகுழியின் அடியில் இரண்டு அடுக்குகளைக் கேட்டன. மேலே 1.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் விரிப்பு. அதற்கடியில் 90 சென்டிமீட்டர் கெட்டிக்கப்பட்ட களிமண் அல்லது வேறு பொருள் கலந்து பக்குவப்படுத்திய மண். அந்த மண்ணின் வழியே நீர் கசியும் வேகம் வினாடிக்கு ஒரு சென்டிமீட்டரில் கோடியில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. குழி நிரம்பியதும் மேலேயும் மூட வேண்டும்: அதே தரத்தில் 60 சென்டிமீட்டர் அடைப்பு மண், அதன்மேல் 15 சென்டிமீட்டர் வடிகால் அடுக்கு, அதற்கும் மேலே செடி வளர 45 சென்டிமீட்டர் மண்.

கோடியில் ஒரு பங்கு என்றால் எவ்வளவு? 1856இல் பிரான்சின் திஷோன் நகரத்துக் குடிநீர் அமைப்பைப் பற்றி எழுதிய நூலில் ஆன்றி தார்சி என்ற பொறியாளர் ஒரு விதியைத் தந்தார். மணலின் வழியே நீர் போகும் அளவு, மேலே நிற்கும் நீரின் அழுத்தத்தோடு கூடும். கடக்க வேண்டிய தடிமனோடு குறையும். அதைக் கொண்டு ஒரு கணக்குப் போடலாம். ஒரு கோடி வினாடி என்பது சுமார் 116 நாள். அழுத்தச் சரிவு ஒன்று என்று வைத்தால், விதி கேட்கும் மண்ணில் நீர் ஆண்டுக்கு 3 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் கசியும். குழியின் அடியில் 30 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சாறு தேங்கியிருந்தால் அது 4.2 சென்டிமீட்டர் ஆகும். ஒரு ஹெக்டேருக்கு, அதாவது இரண்டரை ஏக்கருக்கு, ஆண்டுக்கு 4.2 லட்சம் லிட்டர். இது விரிப்பு இல்லாமல் மண் மட்டும் இருந்தால் வரும் கணக்கு. விரிப்பு கிழியாமல் இருக்கும்வரை கசிவு இதைவிட மிகக் குறைவு.

இப்போது மண் நூறு மடங்கு தளர்வாக இருக்கிறது என்று வையுங்கள். கணக்கு 4.2 கோடி லிட்டர் என்று வரும். சேலத்தில் ஆண்டுக்கு 90 சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு ஹெக்டேரில் விழும் மொத்த மழையே 90 லட்சம் லிட்டர்தான். அந்த மண் எதையும் தடுக்காது. வந்த சாறு அத்தனையையும் உள்ளே விட்டுவிடும். அடைப்பு மண் விஷயத்தில் ‘ஓரளவு நல்லது’ என்பதற்கு இடமில்லை என்பது இதிலிருந்தே தெரியும்.

அப்படிப்பட்ட களிமண்ணுக்கு எங்கே போவது? ஒரு ஹெக்டேருக்கு 90 சென்டிமீட்டர் என்றால் கெட்டித்த பிறகு 9,000 கனமீட்டர். மண் விற்பவர் கணக்கில் மூவாயிரம் யூனிட்டுக்கு மேல். மூன்று யூனிட் டிப்பரில் ஆயிரம் நடைக்கும் அதிகம். இந்த மாவட்டங்களின் செம்மண் அந்தத் தரத்துக்கு வராது. ஏரிக் களி வரக்கூடும். ஆனால் ஏரி வண்டலுக்கு ஏற்கெனவே உழவர்களும் குயவர்களும் உரிமையாளர்கள். வயலுக்குப் போக வேண்டிய வண்டலை வெட்டிக் குப்பைக்கு அடியில் புதைப்பதை நான் ஒப்பமாட்டேன். மீதி இருக்கும் வழி பெண்டோனைட் கலப்பது. ஈரம் பட்டால் பல மடங்கு உப்பி இடுக்குகளை அடைக்கும் இந்தக் களி குஜராத்தின் கட்ச் பகுதியிலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் வருகிறது. கட்சிலிருந்து சேலம் சுமார் 2,000 கிலோமீட்டர்.

இந்த நிலையில்தான் மேட்டூர்ப் பக்கம் பார்வை திரும்புகிறது. சேலத்திலிருந்து ஒன்றிரண்டு மணி நேரப் பயணத்துக்குள், நைசாக அரைபட்ட கனிமத் தூள்களும் சேறுகளும் மலைபோல் கிடக்கின்றன. மேட்டூர் அனல்மின் நிலையத்தின் 210 மெகாவாட் உலைகள் நான்கும், பிறகு வந்த 600 மெகாவாட் உலையும் எரிக்கும் நிலக்கரியின் சாம்பல். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டை அலுமினியமாக்கிய மெட்ராஸ் அலுமினியம் கம்பெனியின் செஞ்சேறு; 1965இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலை (ஊர்வழக்கில் மால்கோ) 2008-09இல் நின்றது, சேறு தங்கிவிட்டது. பொட்டனேரியில் இரும்பு ஆலைக் கசடு. சேலம் உருக்காலையில் 2010இல் எஃகு உருக்கும் பிரிவு வந்த பிறகு சேர்ந்த துருப்பிடிக்காத எஃகின் கசடு. கருப்பூர், மாமாங்கம் பக்கம் வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கங்களின் கழிவுக் குன்றுகள். காவிரிக் கரையில் பள்ளிபாளையத்தில், மரத்தையும் கரும்புச் சக்கையையும் கூழாக்கும் சேஷசாயி காகித ஆலை. குப்பையை அடைக்க மண் இல்லாத ஊரில், அடைக்கும் மண்ணாகக்கூடிய கழிவு குவிந்து கிடக்கிறது என்று எண்ணத் தோன்றும். அந்த எண்ணம் பாதி சரி. எந்தப் பாதி என்பதைப் பொருள் பொருளாகப் பார்க்க வேண்டும்.

சாம்பலில் தொடங்குவோம். மண் பரிசோதனைக் கூடத்தில் ஓர் எளிய சோதனை உண்டு. ஈர மண்ணைக் கண்ணாடித் தட்டில் வைத்து உள்ளங்கையால் உருட்டிக் கயிறாக்குவார்கள். நல்ல ஏரிக் களி 3 மில்லிமீட்டர் தடிமன்வரை அறுபடாமல் உருளும். மின்நிலையச் சாம்பலை அப்படி ஈரமாக்கி உருட்டினால் கயிறே வராது, உதிர்ந்துவிடும். அதே ஈரச் சாம்பலை உள்ளங்கையில் வைத்துப் பக்கவாட்டில் தட்டுங்கள். மேற்பரப்பில் நீர் மினுங்கிக்கொண்டு ஏறி வரும். விரலால் அழுத்தினால் அந்த மினுக்கம் மறைந்து மங்கிவிடும். களியில் இது நடக்காது. களித்துகள்கள் தட்டையானவை, மின்னூட்டம் உள்ளவை, தங்களைச் சுற்றி நீரை இறுகப் பிடித்துவைத்துக்கொள்ளும். சாம்பல் துகள்களோ உலையின் வெப்பத்தில் உருகித் துளியாகி ஆறிய கண்ணாடி உருண்டைகள். நீரை அவை பிடிப்பதில்லை. இடுக்கில் இருக்கவும் வெளியேறவும் விடுகின்றன. எவ்வளவு கெட்டித்தாலும் வெறும் சாம்பலின் கசிவு பெரும்பாலும் விதி கேட்பதைப்போல் பத்து மடங்கு, நூறு மடங்கு இருக்கும்.

ஆனால் சாம்பலுக்குக் களியிடம் இல்லாத ஒரு குணம் இருக்கிறது. சுண்ணாம்போடு சேர்ந்தால் அது கல்லாகும். 1887 முதல் 1895 வரை கட்டிய முல்லைப் பெரியாறு அணையின் உட்பகுதி சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்த காரைக் கலவை. சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லின் தூள். சுட்ட களியில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் ஈரத்தில் சுண்ணாம்போடு வினைபுரிந்து கூழ்போன்ற ஒரு சேர்மம் ஆகின்றன. அது இடுக்குகளை நிரப்பி இறுகுகிறது. நிலக்கரிச் சாம்பலிலும் அதே சிலிக்கா, அதே அலுமினா. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து இயல்பாகவே அதிகம். நீர் பட்டாலே ஓரளவு இறுகும். மேட்டூரில் எரியும் கருநிலக்கரியின் சாம்பலில் அது குறைவு. வெளியிலிருந்து சேர்க்க வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பி.வி. சிவபுல்லையாவின் குழு பல ஆண்டுகள் இதைத்தான் ஆராய்ந்தது. சுண்ணாம்பும் சிறிது ஜிப்சமும் சேர்த்தால் சுண்ணாம்பு குறைந்த சாம்பலும் வலுவேறும், கசிவு பெரிதும் குறையும் என்று அவர்களின் சோதனைகள் காட்டின. சாம்பலிலிருந்து கரைந்து வெளியேறும் நச்சு உலோகங்களையும் அவர்கள் அளந்தார்கள். அடைப்புப் பொருள் பற்றிய பல ஆய்வுகள் கசிவோடு நின்றுவிடும். இவர்கள் அதைத் தாண்டிப் போனதால்தான் இந்த வேலையை மதிக்கிறேன்.

இங்கே ஒரு கண்ணியைச் சொல்லியாக வேண்டும். காகித ஆலையிலிருந்து ‘சுண்ணாம்புச் சேறு’ கிடைக்கிறதே, அதையே சாம்பலோடு கலந்தால் இரண்டு கழிவும் ஒரே நேரத்தில் தீருமே என்று சொல்பவர்கள் உண்டு. அந்தச் சேறு கால்சியம் கார்பனேட்; சுடாத சுண்ணாம்புக்கல் தூளுக்குச் சமம். சாம்பலோடு அது வினைபுரியாது. சூளையில் சுட்டுச் சுட்ட சுண்ணாம்பாக்கினால்தான் புரியும். அதற்கு எரிபொருள் செலவு ஆகும். கலவையில் வெறும் நிரப்பியாக அது பயன்படலாம். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

அடுத்தது செஞ்சேறு. பாக்சைட்டை எரிசோடாவில் வேகவைத்து அலுமினாவைப் பிரிக்கும் முறையை 1888இல் கார்ல் பேயர் கண்டுபிடித்தார். ஒரு டன் அலுமினா எடுத்தால் ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை டன் சேறு மிஞ்சும். இரும்பு ஆக்சைடின் சிவப்பு. அதோடு அலுமினா, சிலிக்கா, டைட்டானியம், கழுவியும் போகாத சோடா. துகள்கள் மிக நுண்மையானவை. கெட்டித்தால் கசிவு விதியின் எல்லைக்கு அருகில் வந்துவிடும். பிரான்சில் கார்தான் ஆலை தன் செஞ்சேற்றைப் பிழிந்து உலர்த்தி ‘பாக்ஸலின்’ என்ற பெயரில் குப்பைமேடுகளின் மேல்மூடிக்குத் தந்தது. கசிவை மட்டும் பார்த்தால் இது சாம்பலைவிட நல்ல மாணவன். ஆனால் சேற்றில் தங்கியிருக்கும் காரம் கையை அரிக்கும். அதன் நீரின் pH 10, 12 என்று போகும். அந்த அளவுக் காரத்தில் ஆர்செனிக், வனேடியம், குரோமியம் போன்றவை கரைசலிலேயே மிதக்கும், அலுமினியமும் கரையும். 2010 அக்டோபர் 4ஆம் தேதி ஹங்கேரியின் ஆய்கா நகரருகே செஞ்சேற்றுக் குட்டையின் கரை உடைந்தபோது 10 பேர் இறந்தார்கள். பலருக்குக் காரத்தால் தோல் வெந்தது.

நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகள் சாம்பலையும் செஞ்சேற்றையும் உலோகக் கசடுகளையும் ‘அளவில் பெரியவை, தீங்கில் சிறியவை’ என்று தனியாக ஒதுக்கி, அபாயகரக் கழிவு என்ற வகையிலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன. கோடிக்கணக்கான டன்களை நிர்வகிக்க அப்படி ஒரு பிரிவு தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பெயரை நம்பி இவற்றைக் கிணற்றுக்கு மேலே பரப்ப முடியாது. சாம்பலில் போரான், செலீனியம், ஆர்செனிக் உண்டு. துருப்பிடிக்காத எஃகின் கசடில் குரோமியம் உண்டு. சூழ்நிலை பொருந்தினால் அது நச்சு மிகுந்த ஆறிணைதிறன் வடிவத்துக்கு மாறும். குப்பைச் சாற்றைத் தடுக்கப் போட்ட அடுக்கே சாறு விடுமானால், விரிசல் வழியே தண்ணீர் எடுக்கும் ஊருக்கு நாம் செய்தது என்ன?

அதனால் ஒரு பொருளை அடியில் போடுவதா, மேலே போடுவதா என்பதைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. இந்தத் துறையில் பேசுவோர் பலரும் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். அடியடுக்கு ஆண்டு முழுவதும் சாற்றில் ஊறும். புதிய குப்பையின் சாறு புளித்தது. அதன் அமிலம் சாம்பலும் சுண்ணாம்பும் சேர்ந்து கட்டிய பிணைப்பை அரிக்கக்கூடும். ஆய்வுக்கூடத்தில் குழாய்த் தண்ணீரை ஊற்றி அளந்த கசிவு எண்ணுக்கு அங்கே மதிப்பில்லை. அந்த ஊர்க் குப்பைச் சாற்றையே ஊற்றி அளக்க வேண்டும். அடியில் போட்டதில் பின்னால் பிழை தெரிந்தால் தோண்டிச் சரிசெய்யவும் வழியில்லை. மேல்மூடி அப்படியல்ல. அதைத் தொடும் நீர் மழைநீர் மட்டும். கசிந்தாலும் கீழே ஏற்கெனவே குப்பை இருக்கிறது; முறையாகக் கட்டிய குழியானால் அதன் சாற்றைச் சேகரிக்கும் குழாயும் இருக்கிறது. பழுது கண்ணுக்குத் தெரியும், பழுதுபார்க்கலாம். கார அடுக்கு மேலே இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு: குப்பையிலிருந்து எழும் வாயுவில் கிட்டத்தட்ட பாதி கார்பன் டை ஆக்சைடு. அது சாம்பலில் உள்ள சுண்ணாம்போடு சேர்ந்து கார்பனேட்டாகி இடுக்குகளை மேலும் அடைக்கும், pHஐயும் இறக்கும். ஸ்வீடனில் சோடர்டால்யே அருகே த்வேட்டா குப்பைமேட்டைச் சாம்பல்கள் கொண்டு மூடி, லூலேயோ தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் இத்தகைய மாற்றங்களைத் தொடர்ந்து கவனித்தார்கள்.

ஐரோப்பா, அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசங்களில் இந்தத் தொழில்நுட்பம் வளர்ந்ததற்குக் காகிதம் ஒரு முக்கியக் காரணம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சில குப்பைமேடுகளைக் காகித ஆலைச் சேற்றால் மூடினார்கள். 1990களில் ரென்சலேர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் குணங்களை அளந்தார்கள். அந்தச் சேற்றில் ஏறக்குறைய பாதி கயோலின் களி, பாதி மர நார். போடும்போது தன் உலர் எடையைவிட அதிக நீரோடு தளதளவென்று இருக்கும். மேலே மண் ஏறஏற அந்தப் பாரத்தில் நீர் பிழிபட்டு, கசிவு ஆண்டுக்கு ஆண்டு குறையும். பின்லாந்தில் இதற்கு ‘நார்க்களி’ என்று பெயரிட்டுக் குப்பைமேடுகளை மூடினார்கள். ஸ்வீடனில் இன்னொரு கழிவை எடுத்துக்கொண்டார்கள். மரத்தைக் காரத்தில் வேகவைத்த கறுப்புத் திரவத்தை உலையில் எரித்து, மிஞ்சும் உப்பு உருகலைத் தண்ணீரில் கரைத்தால் பச்சை நிறக் கரைசல் கிடைக்கும். ஆலைக்காரர்கள் கிரீன் லிக்கர் என்பார்கள். அதன் அடியில் படியும் கசடுக்கு டிரெக்ஸ் என்று பெயர். கரும்பச்சைச் சேறு, கால்சியம் கார்பனேட் மிகுதி, கடும் காரம், நீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். பனியாறு விட்டுச்சென்ற கல்மண்ணோடு கலந்து சுரங்கக் கழிவுகளின் மேல் அதைப் பரப்பினால், எப்போதும் ஈரமாக இருந்து காற்றின் ஆக்சிஜனையும் உள்ளே விடாது. கந்தகத் தாதுக் கழிவுக்கு அந்தக் குணம்தான் தேவை.

எப்போதும் ஈரமாக இருப்பது. சேலத்துக்கு இந்த நிபந்தனைதான் சிக்கல். வடகிழக்குப் பருவமழை முடிந்து தை பிறந்த பிறகு இங்கே மாதக்கணக்கில் நிலம் காய்கிறது. சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஆண்டுக்குப் பெய்வதைவிட ஆவியாகக்கூடியது அதிகம். குளிர்ந்த ஹாம்பர்க் நகரத்திலேயே என்ன நடந்தது என்று பாருங்கள். அங்கே ஜியோர்க்ஸ்வெர்டர் குப்பைமேட்டின் மேல் 1980களின் இறுதியில் பல வகை மூடிகளை அருகருகே கட்டி, ஒவ்வொன்றின் அடியிலும் கசிவுநீரைப் பிடித்து ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். விரிப்பு இல்லாமல் களிமண் மட்டும் போட்ட மூடி சில ஆண்டுகளுக்குள் காய்ந்து வெடித்தது. வெடிப்பில் வேர் இறங்கியது. மறுபடி நனைந்தும் அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஜெர்மனிக் கோடைக்கே அப்படி என்றால், 60 சென்டிமீட்டர் மண்ணுக்கடியில் நம் ஊர்க் களி எப்படி இருக்கும்?

பெண்டோனைட்டையும் இங்கே கண்மூடி நம்ப முடியாது. அது உப்புவதற்குக் காரணம் அதில் உள்ள சோடியம். கால்சியம் மிகுந்த நீர் அதன் வழியே இறங்கினால் சோடியம் போய் அந்த இடத்தில் கால்சியம் உட்காரும். பிறகு ஒருமுறை காய்ந்து வெடித்தால், நனைந்தாலும் பழையபடி உப்பி மூடாது. கசிவு நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு கூடியதை உலகின் பல குப்பைமேடுகளில் தோண்டிப் பார்த்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். போர் போடும்போது வெள்ளை வெள்ளையாய் வரும் சுக்கான் கால்சியம் கார்பனேட்தான். நம் மண்ணிலேயே அந்த எதிரி இருக்கிறது. 2,000 கிலோமீட்டர் கொண்டுவந்த களி சில கோடைகளில் சாதாரணக் களியாகிவிடக்கூடும்.

இந்த ஓர் இடத்தில்தான் சுண்ணாம்பு சேர்த்த சாம்பலுக்கு நம் ஊரில் ஒரு தனி மதிப்பு வருகிறது. இறுகிய பின் அது களியைப்போல் நீரைக் கொண்டு உப்புவதுமில்லை, நீரை இழந்து பெரிதாகச் சுருங்குவதுமில்லை. வெயிலுக்குத் தாங்கும். பதிலுக்கு, அடியில் குப்பை அமிழ்ந்து மட்டம் இறங்கும்போது வளைந்துகொடுக்காமல் உடையும். குப்பைமேடு முதல் சில ஆண்டுகளில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் அமிழ்ந்துகொண்டே இருக்கும். ஆகவே பழைய, அமிழ்ந்து அடங்கிய மேட்டுக்குச் சாம்பல் மூடி பொருந்தும். நேற்று நிரம்பிய குழிக்குப் பொருந்தாது. டிரெக்ஸும் காகிதச் சேறும் இதற்கு நேர்மாறு: வளையும், ஆனால் காயும். அவற்றைப் போடுவதானால் வடிகால் அடுக்கும் செடி மண்ணுமாக மேலே விதி சொல்லும் 60 சென்டிமீட்டர் போதாது என்றே நினைக்கிறேன். ஸ்வீடனில் உறைபனிக்குப் பயந்து ஒன்றரை மீட்டருக்கும் மேல் காப்பு மண் போடுகிறார்கள். வெயிலுக்குப் பயந்து நாமும் அந்த அளவுக்குப் போக வேண்டியிருக்கும். காப்பு மண்ணுக்குத் தரக் கட்டுப்பாடு இல்லை. இங்குள்ள செம்மண்ணே போதும். குப்பையைச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங்கில் மிஞ்சும் நைசான மண்ணையும், உலோக அளவு பார்த்த பிறகு, இதற்குப் பயன்படுத்தலாம்.

எஃகுக் கசடு பற்றி ஒரு சொல். ஸ்வீடனின் ஹாக்ஃபோர்ஸில் மின்வில் உலைக் கசடையும், எஃகைப் பக்குவப்படுத்தும் கலத்தில் மிஞ்சும் கரண்டிக் கசடையும் கலந்து நிரப்புகுழி மூடியாக்கிப் பார்த்திருக்கிறார்கள். கரண்டிக் கசடு சிமென்ட்போல் இறுகும். அதைக் கலந்த உடனேயே கெட்டித்துவிட வேண்டும். தாமதித்தால் லாரியிலேயே இறுகத் தொடங்கிவிடும். இரும்பு ஆலையின் ஊதுலைக் கசடு இன்னும் நல்ல பொருள்தான், ஆனால் சிமென்ட் ஆலைகள் அதை விலை கொடுத்து வாங்கிக்கொள்கின்றன. சிமென்டில் அது செய்யும் வேலை பெரியது. குப்பைக்குக் கேட்பது நியாயமல்ல. மின்நிலையத்தின் உலர்சாம்பலும் அப்படியே. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 1999 அறிவிக்கை மின்நிலையங்களைச் சாம்பல் முழுவதையும் பயன்படுத்தச் சொன்னது; 2021 டிசம்பர் 31 அறிவிக்கையும் அதையே சொல்கிறது. செங்கலுக்கும் சிமென்டுக்கும் அது போய்க்கொண்டிருக்கிறது. ஆக, குப்பைமேட்டுக்கு மிச்சமிருப்பது யாரும் கேட்காதவை: சாம்பல் குட்டைகளில் நனைந்து கிடக்கும் பழைய சாம்பல், செஞ்சேறு, காகித ஆலைக் கசடு.

இவற்றில் செஞ்சேற்றை இன்னோர் ஊரின் குப்பைக்கு எடுத்துப்போவதைவிட, அதையே முதலில் ஒழுங்காக மூடுவது அவசரம் என்பேன். சாம்பல் குட்டைகளுக்கும் அதேதான். கோடையில் காற்றடித்தால் அவற்றின் தூசி ஊருக்குள் வருகிறது. மழையில் அவற்றின் நீர் நிலத்தில் இறங்குகிறது. சுண்ணாம்பு சேர்த்த சாம்பலை அடைப்பாகப் போட்டுப் பார்க்கச் சாம்பல் குட்டையின் மேற்பரப்பைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. லாரிச் செலவு இல்லை; புதிய நிலத்தில் புதிய நச்சைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் இல்லை; தவறினால் இருந்த நிலையைவிட மோசமாவதும் அரிது.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. 1984இல் டெக்சாஸைச் சேர்ந்த டேவிட் டேனியல், கட்டி முடித்த களி அடுக்குகளின் கசிவை ஆய்வுக்கூட எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். களத்தில் அது பத்து முதல் ஆயிரம் மடங்கு அதிகமாக இருந்தது. ஆய்வுக்கூடத்தில் ஒரு கைப்பிடி மண்ணைச் சலித்து, ஈரம் பார்த்து, அச்சில் குத்தி அளக்கிறோம். களத்தில் கட்டிகள் உடையாமல் கிடக்கும். ஒரு அடுக்கு காய்ந்த பிறகு அடுத்த அடுக்கு விழும். இரண்டுக்கும் நடுவில் நீர் ஓட ஒரு வழி உண்டாகிவிடும். தேவைக்குச் சற்றுக் கூடுதலான ஈரத்தில், 15 முதல் 20 சென்டிமீட்டர் அடுக்குகளாக, முள் உருளை கொண்டு பிசைந்தாற்போல் கெட்டிக்க வேண்டும். முந்தைய அடுக்கின் மேல்தோலைக் கீறிவிட்டு அடுத்ததைப் போட வேண்டும். நம் ஊரில் வெயில் ஏறுவதற்குள் அன்றைய அடுக்கை முடித்து, ஈரச் சாக்கோ தார்ப்பாயோ போட்டு மூடாவிட்டால் மாலைக்குள் முதல் வெடிப்பு வந்துவிடும்.

ஆகவே இந்தச் சமவெளிக்குத் தேவை ஹாம்பர்க்கில் செய்ததைப் போன்ற ஒரு சோதனைத் திடல். வெள்ளைக்கல் குன்றுகளின் ஓரத்தில் கருப்பூரிலேயே 1966 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. திருச்செங்கோட்டிலும் கல்லூரிகள் இருக்கின்றன. மண் ஆய்வுக்கூடங்களுக்குக் குறைவில்லை. நாலு பாத்திகள் போதும்: சுண்ணாம்பு சேர்த்த குட்டைச் சாம்பல் ஒன்று, அதோடு கொஞ்சம் பெண்டோனைட் சேர்த்தது ஒன்று, ஒன்றரை மீட்டர் காப்பு மண்ணோடு டிரெக்ஸும் செம்மண்ணும் கலந்தது ஒன்று, ஒப்பிட வெறும் ஏரிக் களி ஒன்று. ஒவ்வொன்றின் அடியிலும் விரிப்புப் போட்டு, இறங்கும் நீரை ஒரு தொட்டியில் பிடிக்க வேண்டும். எவ்வளவு இறங்கியது என்பதோடு, அதில் சோடியம், போரான், ஆர்செனிக், குரோமியம் எவ்வளவு என்பதையும் அளந்து, அந்த எண்களைப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அவர்களின் போர்த் தண்ணீரைத் திடல் போடும் முன்பே ஒருமுறை சோதித்துவைக்க வேண்டும். ஓர் ஐப்பசி மழையில் நல்ல எண் வந்துவிட்டது என்று நிறுத்தக் கூடாது. அதன் பின் வரும் சித்திரையைக் கடந்து, அடுத்த ஐப்பசியில் வரும் எண்தான் கணக்கு, அதற்கடுத்த ஆண்டுகளுடையதும். மூடிய நிரப்புகுழியைக் குறைந்தது 15 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும் என்று 2016 விதிகளே சொல்லியிருக்கின்றன. சோதனைத் திடலுக்கான பணத்தை ஒதுக்கும்போதே அந்த 15 ஆண்டுக்கும், தொட்டியைப் பார்த்து எழுதிவைக்க ஓர் ஆளுக்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும்.